பக்கத்துக் கல்லூரியா, விடுதியா, பொறியியலா: கடற்கரைப் பிள்ளைகளின் மூன்றாம் ஆண்டுக் கணக்கு

போன வருடம் மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு என் கணினி மையத்துக்கு வந்தார். கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிற தொழில். விண்ணப்பச் செலவுக்குக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டும் என்று கைரேகை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழவில்லை. பாறையில் பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி ரேகையே தேய்ந்துபோன விரல்கள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கை மோதிர விரல் விழுந்தது. 1,500 ரூபாய் எடுத்தார்.

அப்புறம் கேட்டார்: "அண்ணே, எந்தக் காலேஜுல இடம் கிடைக்கும்னு நான் கேக்கலை. எதுல சேத்தா இவ முழுசாப் படிச்சு முடிப்பா? அதைச் சொல்லுங்க."

அவருடைய மூத்த மகன் வெளியூரில் பொறியியல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் அரியரோடு திரும்பி வந்து, இப்போது விசைப்படகில் போகிறான். அதனால்தான் அந்தக் கேள்வி. இத்தனை வருடமாக இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். இதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கல்லூரியில் சேருவதில் தமிழ்நாடு எங்கேயோ போய்விட்டது. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. ஆனால் இது சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று இந்த எண் சொல்லாது. மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இந்தக் கரை நெடுகப் போய்க் கேளுங்கள். "முதல் வருசம் மட்டும் போனான்" என்ற பதில் ஒவ்வொரு தெருவிலும் கிடைக்கும். அதனால் நம் முன்னால் இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கும்போது, மூன்றாம் ஆண்டு கடைசிப் பரீட்சையை அந்தப் பிள்ளை எழுதுமா என்பதைத்தான் நான் அளவாக வைக்கிறேன்.

முதலில் ஊர்ப் பக்கத்து அரசுக் கலைக் கல்லூரி. இருபது வருடத்துக்கு முன் ராமநாதபுரம், பரமக்குடி என்றுதான் போக வேண்டியிருந்தது. இப்போது திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடி, ராமேஸ்வரம் என்று பக்கத்திலேயே அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. ராமேஸ்வரம் கல்லூரிக்குக் கலாம் பெயர். விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். கல்விக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கும் உண்டு. செலவை மட்டும் பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. மூன்று வருடத்தில் அரசு கொடுக்கிற 36,000 ரூபாயில் புத்தகம், தேர்வுக் கட்டணம், இரண்டு ஜோடித் துணி எல்லாம் அடங்கிவிடும்.

குறை எங்கே என்றால், பாடப்பிரிவு. சிறிய கல்லூரியில் தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணிதம், கணினி என்று ஐந்தாறு பிரிவுகளோடு கதை முடிந்துவிடும். கடலை ஒட்டி வாழ்கிற பிள்ளை கடல் உயிரியல் படிக்க ஆசைப்பட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பது அரிது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மதிலைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் பி.காம். சேர்வதை நானே பதிவு செய்திருக்கிறேன். பாடம் நடத்துவதில் பெரும் பங்கு கௌரவ விரிவுரையாளர்கள் மேல் விழுகிறது. அவர்கள் மனசார உழைக்கிறார்கள். அவர்களுக்கே நிரந்தரம் இல்லாதபோது துறையை வளர்ப்பது யார்?

இன்னொரு விஷயம் பேருந்து. பக்கத்துக் கல்லூரி என்பது வரைபடத்தில் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே, கடலோரம் இருக்கிற ஊருக்குப் பக்கம் இல்லை. சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பெண், காலையில் இருக்கிற ஒரே பேருந்தை விட்டால் அடுத்தது உச்சி வெயிலில்தான் என்று சொன்னாள். வாரத்தில் ஒரு நாள் தவறினாலே வருகைப்பதிவு 80 சதவீதத்துக்கு இறங்கி, பரீட்சைக்குத் தேவையான 75 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். அதோடு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அதற்கும் கீழே. அப்புறம் அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறவள். அவள் தோற்றால் அது பாடத்தில் தோற்றது ஆகாது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான். ராமநாதபுரத்துக்கு ஓடுகிற புறநகர்ப் பேருந்தில் செல்லாது. மாணவர் அட்டை செல்லும். ஆனால் அட்டை கையில் வருவதற்குள் முதல் பருவத்தில் பாதி ஓடிவிடும்.

தீவுப் பிள்ளைகளுக்கு ரயில் ஒரு வழி. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. இரண்டே கால் வருடம். ஒரு பட்டப்படிப்பின் முக்கால் பங்கு.

சரி, மதுரை. நம் ஊரில் கொஞ்சம் மார்க் வாங்கினாலே "மதுரையில சேத்துருங்க" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். நல்ல கல்லூரிகள், நல்ல ஆசிரியர்கள், கேட்ட பாடம், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள், எல்லாம் உண்மை. ஆனால் தனியார் விடுதியில் தங்கிச் சாப்பிட மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைவாக என்னிடம் யாரும் சொன்னதில்லை. மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை அங்கே ஒரு வாரச் சாப்பாடு. கடலில் மீன்பாடு இருக்கிற மாதம் அப்பா அனுப்பிவிடுவார். படகு பிடிபட்டாலோ, இன்ஜின் பழுதானாலோ, அந்த மாதம் விடுதி வாடகை நிற்கும். மாதச் சம்பள வீட்டுக்கும் பிடித்த மீனில் வரும் பங்குக் காசில் ஓடுகிற வீட்டுக்கும் வித்தியாசம் இதுதான். வருடத்துக்கு வரும் தொகை ஒன்றாகவே இருந்தாலும், வருகிற மாதம் நம் கையில் இல்லை. மதுரைக்கு அனுப்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசு விடுதியிலோ கல்லூரி விடுதிச் சலுகையிலோ இடம் உறுதியான பிறகு அனுப்புங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில்தான் என் மனம் அரசு விடுதிப் பக்கம் சாய்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான அரசு விடுதிகள். 2025 ஜூலையில் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை. கல்லூரி மாணவருக்கு உணவுக்காக மாதம் 1,500 ரூபாய் அரசு ஒதுக்குகிறது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. இன்றைய அரிசி பருப்பு விலையில் அது போதாது என்பதை விடுதிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும், ராமநாதபுரத்தில் ஒரு கட்டில் கிடைத்துவிட்டால் பேருந்துப் பிரச்சினை அடியோடு போய்விடுகிறது. சேதுபதி அரசுக் கலைக் கல்லூரியோ, அரசு மகளிர் கல்லூரியோ, பெரிய கல்லூரியின் பாடப்பிரிவுகள் கிடைக்கின்றன. பையன்களுக்கு இதில் இன்னொரு நன்மை: "ஆள் குறையுது, இன்னைக்கு மட்டும் வாடா" என்று விடியற்காலையில் கூப்பிட ஆள் கிடையாது. இன்னைக்கு மட்டும் என்று ஆரம்பித்துத்தான் பல பையன்கள் படிப்பை விட்டார்கள்.

கலாம் கதையில் அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துச் சென்னைக்கு அனுப்பியதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய பகுதியை யாரும் சொல்வதில்லை. தீவிலிருந்து ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்து தங்கிப் படித்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் விடுதிதான். வீட்டை நினைத்து ஏங்கினாலும் அங்கே அவருக்குப் படுக்க ஓர் இடமும் நேரத்துக்குச் சோறும் இருந்தன.

விடுதியில் உள்ள சிக்கல் நேரம். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் விடுதிக்கு விண்ணப்பம். வகுப்பு தொடங்கிய பிறகும் அனுமதி வராமல் இழுக்கும். அந்த இடைவெளியில் தெரிந்தவர் வீடு, தினமும் நூறு கிலோமீட்டர் பேருந்து என்று அலைந்து, முதல் மாதத்திலேயே மனம் விட்டுப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பொறியியல். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. காகிதத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கடற்கரையில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: இங்கே பல ஊர்களில் இருப்பது மிஷன் நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளி. அதில் படித்தவருக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. ஒரே தெரு, ஒரே படகில் கூலிக்குப் போகிற இரண்டு அப்பாக்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, மறு வீட்டுக்கு இல்லை. மாதம் 1,000 ரூபாயை உதவிபெறும் பள்ளிக்கும் நீட்டிய மாதிரி இதையும் நீட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த அம்மாவின் மூத்த மகன் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவன்தான். பணம் அவனைத் தோற்கடிக்கவில்லை. தமிழில் கணக்குப் படித்தவன், முதல் பருவக் கணிதத்தை ஆங்கிலத்தில் எதிர்கொண்டான். மூன்று அரியர். வீட்டில் சொல்லவில்லை. இரண்டாம் பருவத்தில் ஐந்தாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து முதல் ஆறு மாதம் கைபிடித்துச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவன் இன்று படகில் இல்லை. கணிதத்தில் பிடிப்புள்ள பிள்ளைக்கு இந்த வழியை முதலில் சொல்வேன். பிடிப்பில்லாத பிள்ளையை "இலவசமாக் கிடைக்குது" என்பதற்காக மட்டும் அனுப்ப மாட்டேன்.

மீன்வளப் படிப்பு பற்றிக் கரையோரத்திலேயே பலருக்குத் தெரியவில்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. உயிரியல் எடுத்த மீனவ வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பாலிடெக்னிக், ஐடிஐ என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போகத் துடிக்கிற பையனைப் படிப்பில் கட்டிவைக்க இதுதான் வழி. இன்ஜினைப் பிரித்துப் போட்டு வளர்ந்த பையன் டீசல் மெக்கானிக் பிரிவில் தானாகவே நிற்பான். பாலிடெக்னிக் முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கிலும் அப்படியே.

தொலைநிலைக் கல்வி பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் தேர்வாக வேண்டாம். மாதம் 1,000 ரூபாயும் அதற்குக் கிடையாது. நடுவில் விட்ட அண்ணன்மார், கல்யாணமாகிப் போன அக்காமார் மறுபடி தொடங்க மட்டும் அது நல்ல வழி. கல்விக்கடன் தொழிற்படிப்புக்குச் சரி, கலைப் படிப்புக்குத் தேவையில்லை.

இப்போது அரசின் பக்கம். மாதம் 1,000 ரூபாய், புதுக் கல்லூரி, விடுதி, பேருந்து என்று நாலில் அடுத்த ரூபாயை எதில் போடலாம் என்று கேட்டால், நான் விடுதியில் போடச் சொல்வேன். அடுத்தது பேருந்து. 1,000 ரூபாய் பிள்ளைகளை வாசல்வரை கொண்டுவந்துவிட்டது, குறிப்பாகப் பெண்களை. அது தொடரட்டும். புதிதாக ஐந்து பாடப்பிரிவோடு இன்னொரு கட்டடம் கட்டுவதைவிட, இருக்கிற கல்லூரி அருகில் நூறு கட்டில் போட்டால் மூன்றாம் ஆண்டு வகுப்பு நிரம்பும். காலை ஒரு நடை, நாலு மணிக்கு மேல் ஒரு நடை என்று உள்கிராமங்களுக்குப் பேருந்து விட்டால் வருகைப்பதிவு தானாக ஏறும்.

காசு கேட்கிற காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ரிசல்ட், சான்றிதழ், விண்ணப்பம், கலந்தாய்வு, சேர்க்கைக் கட்டணம் எல்லாம் இதற்குள்ளேயோ இதை ஒட்டியோ வருகின்றன. விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் நிவாரணம் 8,000 ரூபாயைத் தவிர வேறு வரவு இல்லாத நாட்கள். கரையோர மாவட்டங்களில் சேர்க்கைக் கட்டணத்தை ஆகஸ்டில் வாங்கிக்கொண்டால் அரசுக்கு ஒன்றும் குறையாது. இங்கே வட்டிக்கு வாங்குவது நிற்கும்.

முதலில் சொன்ன பாம்பன் அம்மாவின் மகளுக்கு விலங்கியல் வேண்டுமென்றிருந்தது. ராமநாதபுரத்தில் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று மதியமே விடுதி விண்ணப்பத்தையும் போட்டோம். ஐந்து வாரம் கழித்து அனுமதி வந்தது. அந்த ஐந்து வாரமும் அவள் பாம்பனிலிருந்து தினமும் போய் வந்தாள். பேருந்தில் நின்றபடி படித்த நோட்டில் கோணல்மாணலாகக் கோடுகள் கிடக்கின்றன. இப்போது இரண்டாம் ஆண்டு. அரியர் இல்லை. போன வாரம் அவள் அம்மா மூத்தவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.