யாழ்ப்பாணத்தில் காருக்குப் பல அடுக்கு செரமிக் பூச்சு: ஒரு மதிப்பீடு

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியோடு சேர்ந்து வரும் விலையைக் கேட்டுவிட்டுக் கையிலுள்ள காரையே இன்னும் பல ஆண்டுகள் பேணுவோம் என்று தீர்மானித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன் என்பதால், எங்கள் கருநீல ரொயோட்டா அக்சியோவைக் கொக்குவில் பக்கத்து வாகனப் பராமரிப்பு நிலையமொன்றில் மூன்று அடுக்கு செரமிக் பூச்சுக்குக் கொடுத்தேன். பெயின்றுக்கு மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் மெல்லிய பாதுகாப்புப் படலம் அது. ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு முழுப் பெறுமதி கிடைத்தது பூச்சுக்கு முந்திய வேலையில்தான். கழுவிய பின் இரும்புத்துகள் கரைப்பானைத் தெளித்தார்கள். பிறேக் தகட்டிலிருந்து பறந்து பெயின்றில் ஒட்டிய இரும்புப்பொடி அதோடு சேர்ந்து ஊதாநிறமாக வழிந்ததைப் பார்த்த பிறகுதான், சுத்தமானதென்று நாம் நினைக்கும் காரில் எவ்வளவு அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பது விளங்கியது. அதன்பின் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிக்கட்டியால் தேய்த்து, கதவு, கூரை என்று காரின் ஒவ்வொரு பகுதியிலும் பெயின்றின் தடிப்பைக் கருவியால் அளந்து காட்டினார்கள். தொழிற்சாலைப் பெயின்றின் மொத்தத் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலேயுள்ள நிறமற்ற படை 40, 50 மைக்ரோன் அளவே இருக்கும். பொலிஷ் இயந்திரம் நுண்கீறல்களை நீக்குவது இந்தப் படையிலிருந்து சிறிது சிறிதாகச் சுரண்டித்தான் என்பதால், தடிப்பை அளக்காமல் இயந்திரத்தைக் கையில் எடுக்கும் கடையில் எவரும் காரை விடக்கூடாது. பொலிஷ் முடிந்ததும் எண்ணெய்ப்பசை போக அற்ககோல் கலந்த திரவத்தால் துடைத்தார்கள். அந்தப் பசை எஞ்சினால் பூச்சு பெயின்றைப் பற்றிக்கொள்ளாது. நீக்காமல் விட்ட கீறல்களோ பூச்சுக்கு அடியிலிருந்து தொடர்ந்து தெரிந்துகொண்டிருக்கும்.

அடுக்குகளைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் பேசுகின்றன. காய்ந்த பின் ஓர் அடுக்கின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோன் அளவில் அல்லது அதற்கும் கீழே நிற்கிறது. ஆகவே மூன்றையும் சேர்த்தாலும் அது கண்ணாடிக் கவசமாகிவிடாது. முதலாவது அடுக்கு நிறமற்ற படையோடு பிணைகிறது. இரண்டாவது, கை தவறிய இடங்களை மூடிப் பூச்சைச் சீராக்குகிறது. அவற்றுக்கிடையில் விடும் நேரம் மிக முக்கியமானது. அவசரப்பட்டால் புதிய திரவத்தின் கரைப்பான் கீழ் அடுக்கைக் கலைத்துவிடும். பிந்தினால் இறுகிவிட்ட மேற்பரப்பு அடுத்த அடுக்கை ஒட்டவிடாது. எங்கள் வெக்கையில் திரவம் விரைவாகக் காய்வதால் போத்தலில் எழுதியுள்ள நேரத்தை அப்படியே நம்ப முடியாது என்று அங்கு வேலை செய்த இளைஞர் சொன்னார். “மூன்றாவது அடுக்கால வழுவழுப்பு கொஞ்சம் கூடும் ஐயா, பாதுகாப்பு பெரிசாக் கூடாது” என்றும் கேட்காமலே சொன்னார். அந்த நேர்மைக்காகவே இந்த நிலையத்தை மதிக்கிறேன். மீண்டும் செய்வதானால் இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்வேன்.

9எச் என்று பெரிதாக எழுதப்படும் கடினத்தன்மை பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையொன்றின் அளவு. கண்டிக்குப் போகும் ஏ9 வீதியில் முன்னே போகும் பாரவூர்தி தெறிக்கவிடும் கல்லை அது தடுக்காது. அதற்கு 150 மைக்ரோனுக்கு மேற்பட்ட தடிப்புள்ள ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் வேண்டும். அதன் விலையும் வேறு.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பூச்சுக்கு உண்மையான சோதனை கிணற்றுநீர். சுண்ணக்கல்லில் ஊறிவரும் எங்கள் நீர் கேத்திலின் அடியில் விடும் அதே வெண்படிவத்தைக் காரிலும் விடுகிறது. பூச்சுப் போட்ட மேற்பரப்பில் நீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்பதைக் கண்டு மகிழ்கிறோம். அந்த முத்துகள் வெயிலில் வற்றும்போது ஒவ்வொன்றும் தன் கல்சியத்தை வட்டப்புள்ளியாக விட்டுச் செல்கிறது. எத்தனை அடுக்கு இருந்தாலும் இது நிகழும். காலை வெயில் ஏறுமுன் நிழலில் கழுவி, மைக்ரோபைபர் துணியால் உடனே ஒற்றி எடுத்த நாட்களில் ஒரு புள்ளியும் விழவில்லை. முற்றத்தில் கழுவிவிட்டு அப்படியே நிறுத்திய நாட்களில் எஞ்சின் மூடியில் புள்ளிகள் படிந்து, சில இடங்களில் வினாகிரி கலந்த நீரால் மெதுவாகத் துடைக்கவேண்டி வந்தது. மாரியில் தேக்கிய மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. கடலைக் கடந்து பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலை வழியாகக் காரைநகருக்கோ அடிக்கடி போகிறவர்களுக்கு நன்மை கூடுதலாகத் தெரியும்: உப்புப்படலமும் செம்மண்ணும் இறுகப் பற்றாமல் முதல் நீரிலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகின்றன. காகத்தின் எச்சத்தை மட்டும் அன்றே அகற்றவேண்டும். வெயிலில் கிடந்தால் அது பூச்சையும் அரித்துவிடும்.

குறையும் இருந்தது. பின்கதவில் சரியாகத் துடைத்தெடுக்காத பூச்சு கருந்திட்டாக இறுகியிருந்தது. வேலைத்தளத்தின் மங்கலான வெளிச்சத்தில் அது எவர் கண்ணிலும் படவில்லை, வெளியே வெயிலில் உடனே தெரிந்தது. மறுபேச்சின்றி அந்தக் கதவை மீண்டும் பொலிஷ் செய்து பூசித் தந்தார்கள். ஆயினும் இந்தத் தொழில் செய்யும் இடத்துக்கு நல்ல விளக்குகள் அடிப்படைத் தேவை. உத்தரவாத அட்டையில் ஐந்து ஆண்டு என்றிருந்தாலும், ஆண்டுதோறும் அங்கேயே கட்டணப் பராமரிப்புச் செய்தால்தான் அது செல்லும் என்ற நிபந்தனை பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. முற்பணம் கொடுக்குமுன் அந்தப் பராமரிப்பில் என்ன செய்வார்கள், எவ்வளவு எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பூசி முடிந்து முதல் நாள் முழுவதும் காரில் நீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்குச் சம்பூ போடக்கூடாது என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்விப்பதானால் கூரையுள்ள இடத்தில் காரை வைத்திருந்து தருவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.