கரடுமுரடான சாலைக்கு எந்தக் காற்றழுத்தம்: 28, 33, 37?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிறு ஒட்டுத்தாளில், டயரின் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அழுத்தத்தைச் சொல்லும் அளவு) என்று அச்சிட்டிருக்கும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். மோசமான சாலையில் அன்றாடம் போய்வருகிறவர்களில் சிலர் குலுக்கல் குறையட்டும் என்று 28 வரை இறக்குகிறார்கள். சிலர் குழியில் ரிம் (டயர் பொருந்தியிருக்கும் உலோக வளையம்) அடிபடக் கூடாது என்று 37 வரை ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் 33ஐ மாற்றுவதில்லை.

37ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று கூடக்கூட டயர் விறைத்து, சிறு கல்லின் அதிர்வைக்கூட இருக்கைவரை கொண்டுவருகிறது. தரையைத் தொடும் பரப்பு சுருங்குவதால் நடுப்பகுதி முதலில் தேய்கிறது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறும் பயணத்துக்குப் பல கார்களின் ஒட்டுத்தாளிலேயே பின்சக்கரங்களுக்குக் கூடுதல் அளவு தரப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்ற நான் காரணம் காணவில்லை.

உண்மையான போட்டி 28க்கும் 33க்கும் இடையில்தான். அதற்கு விடை சாலை எந்த வகையில் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலையிலும் செம்மண் பாதையிலும் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று சற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு கல்லையும் அணைத்துக்கொண்டு உருள்வதால், ஓயாத நடுக்கம் தெளிவாகவே தணிகிறது. ஆனால் மழையில் அரித்து, விளிம்பு கத்திபோல் நிற்கும் தார்ச்சாலைக் குழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், அதே டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் நசுங்கி, உள்ளிருக்கும் இழைகள் அறுந்து, சில நாளில் வெளியே புடைப்பு தெரிய ஆரம்பிக்கிறது. அந்தப் புடைப்பைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது; டயரையே மாற்ற வேண்டும். குழியில் விழும் பெரிய அடியைத் தாங்குவது பெரும்பாலும் சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையில் ஸ்பிரிங்குடன் இருக்கும் சஸ்பென்ஷனின் வேலை என்பதால், காற்றை இறக்குவது அங்கே சொகுசையும் பெரிதாகத் தருவதில்லை. 28உடன் நெடுஞ்சாலையில் ஏறுவதோ இன்னும் மோசம்: பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து சூடேறும்; மே மாத வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சூடு டயர் வெடிக்கும்வரை போகலாம்.

ஆகவே அன்றாட ஓட்டத்துக்கு நான் 33ஐயே தேர்ந்தெடுப்பேன். முழுக்க மண்பாதையாகவே இருக்கும் பயணத்துக்கு மட்டும் 30 வரை இறக்கி, மெதுவாக ஓட்டி, தார்ச்சாலையைத் தொட்டவுடன் திரும்ப ஏற்றுவேன். 12 வோல்ட்டில் இயங்கும் சிறு கம்ப்ரஸர் வண்டியில் இல்லாதவர்கள் 30ஐயும் தொட வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாம் டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, பார்க்கப்படுபவை. 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ கூடும். ஓடிய சூட்டில் பங்க்கில் நிறுத்தி, 37 காட்டுகிறதே என்று 33க்கு இறக்கிக்கொண்டால், மறுநாள் காலையில் அந்த டயரில் இருப்பது 29தான். 33 வைத்திருப்பதாக நம்பிக்கொண்டு 29இல் ஓடும் வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் புறப்படும் முன் பார்ப்பது இதைத் தடுக்கும்.

அழகுக்காகப் பெரிய ரிம் மாட்டியவர்களுக்கு இறக்கும் இடமே குறைவு. 165/80 ஆர்14 டயரில் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) பக்கச்சுவரின் உயரம் 132 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 டயரில் அது 107தான். அந்த 25 மில்லிமீட்டர் இழப்பைக் காற்றை இறக்கி ஈடுகட்ட முயன்றால், குழியின் விளிம்பு முதலில் சென்று மோதுவது ரிம்மில்தான்.