72 சதவீதம் பேர் வாங்குவார்கள் என்றார்கள்: சந்தை ஆய்வில் நாங்கள் ஏமாந்த கதை

சந்தை ஆய்வுக்கு வெளி நிறுவனத்தை அமர்த்தப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். இதே வேலையை இதே விதமாகச் செய்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

நானும் என் கூட்டாளியும் மேசை, நாற்காலி தயாரிக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்காக மடக்கு மேசை ஒன்றை வடிவமைத்தோம். பெரிதாகப் பணம் போடுவதற்கு முன், யாராவது வாங்குவார்களா என்று தெரிய வேண்டியிருந்தது. 400 பேரை நேரில் சந்தித்துக் கேட்பதாக ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. மூன்று வாரத்தில் 84 பக்க அறிக்கை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ண வட்ட வரைபடங்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வாங்க விருப்பம்: 72%'. அன்றைக்கே உற்பத்தியைத் தொடங்கச் சொல்லிவிட்டோம். ஆறு மாதம் கழித்தும் மேசைகள் கிடங்கில் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன.

அப்போதுதான் மூலத் தரவைக் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். 'அது எங்கள் உள் பயன்பாட்டுக்கு' என்றார்கள். பிறகு, பதில் சொன்னவர்களின் அந்தரங்கம் என்றார்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டு விடைகளை மட்டும் தாருங்கள் என்றேன். நான்கு முறை எழுதிய பிறகு எக்செல் கோப்பு வந்தது.

அதில் ஒவ்வொரு நேர்காணலும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருந்தன. எங்கள் வினாத்தாளில் 38 கேள்விகள். கூட்டாளியிடம் சத்தமாக வாசித்துக் கேட்டுப் பார்த்தேன். அவர் யோசிக்காமல் பதில் சொல்லியும் 17 நிமிடம் ஆயிற்று. 'கள ஊழியர் 06' என்ற குறியீட்டின் கீழ் 11:02 முதல் 11:06 வரை ஒருவர், 11:06 முதல் 11:10 வரை அடுத்தவர் என்று வரிசை போகிறது. ஆளைத் தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிக் கேள்வி, சொந்த வார்த்தையில் கருத்துச் சொல்வது. அங்கே 'உபயோமாக இருக்கும்' என்று அதே எழுத்துப் பிழையோடு 31 இடத்தில் இருந்தது. தட்டச்சு செய்பவர் ஊழியர், பிழை அவருடையது என்று சமாதானம் சொன்னார்கள். பிழை இருக்கட்டும், 31 பேரும் அதே இரண்டு வார்த்தையைத்தானா சொன்னார்கள்? ஒரு பகுதி நேர்காணல்களையாவது வேறொருவர் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டேன். இல்லையாம்.

யாரையும் கேட்காமல் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் வேலை இந்தத் தொழிலில் புதிதல்ல. எனக்கு அதைவிட ஆத்திரம் தந்தது அறிக்கையின் கணக்கு. அந்த 72 சதவீதம், அதாவது 288 பேர், எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? 'நிச்சயம் வாங்குவேன்' என்றவர்கள் 52 பேர். 'ஒருவேளை வாங்கலாம்' என்றவர்கள் 236 பேர். இரண்டையும் கூட்டிவிட்டார்கள். கூட்டுவது தவறல்ல, பலரும் செய்வதுதான். கூட்டியதைச் சொல்லாமல் விட்டதுதான் மோசடி. முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ஒதுங்கும் இடம் அந்த 'ஒருவேளை'. எங்களுக்குத் தேவைப்பட்ட எண், 'நிச்சயம்' என்றவர்களின் 13 சதவீதம்.

இன்னொரு பக்கத்தில் 'தனியாக வசிக்கும் பெண்களில் 66.7% பேர் வெள்ளை நிறத்தை விரும்புகிறார்கள்' என்று இருந்தது. அதை நம்பி வெள்ளையில் அதிகம் செய்தோம். கோப்பில் பார்த்தால் அப்படிப்பட்ட பெண்கள் மொத்தமே ஒன்பது பேர், வெள்ளை என்றவர்கள் ஆறு பேர். தசமப் புள்ளி போட்டால் ஆறு பேர் ஒரு கூட்டமாகிவிடுகிறார்கள். குலுக்கல் முறையில் எடுத்த 400 பேரிடம் கேட்டாலே விடை சுமார் 5 சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ நகரலாம். 100 பேர் என்றால் 10 புள்ளி.

இவர்கள் குலுக்கவும் இல்லை. 400 பேரையும் மரச்சாமான் கடைகள் நிறைந்த ஒரே வணிக வளாகத்தின் வாசலில் பிடித்திருக்கிறார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு வாக்களிப்பார்கள் என்று கேட்டு, சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள்; பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். கடை வாசலில் நிற்பவரிடம் மேசை வேண்டுமா என்று கேட்பதும் அதே கதைதான்.

எங்கள் பங்கையும் மறைக்கவில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: 'மக்களுக்கு இந்த மேசை பிடிக்குமா பாருங்கள்.' முதலில் 500 செய்வதா 3000 செய்வதா, எந்த விடை வந்தால் திட்டத்தையே கைவிடுவோம் என்று எழுதியிருந்தால் கேள்விகள் வேறாக இருந்திருக்கும். ஒன்பதாவது கேள்வி 'இடத்தை மிச்சப்படுத்தும் இந்த அழகான மேசையை வாங்க விரும்புவீர்களா?' அதன் கீழே ஒப்புதல் கையெழுத்து என்னுடையது.

இப்போது ஒப்பந்தத்தில் கறாராக இருக்கிறோம். விடைகளும், எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்ற விளக்கமும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எத்தனை பேர் என்ற எண் இருக்க வேண்டும். களத்தில் இறங்குமுன் காலி அட்டவணைகளை வரைந்து காட்ட வேண்டும். எந்த அட்டவணையைப் பார்த்து எந்த முடிவை எடுப்போம் என்று சொல்ல முடியவில்லையென்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுகிறோம்.

பிறகு கூட்டாளி மேசையைத் தூக்கிக்கொண்டு 14 வீடுகளுக்குப் போனார். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா மேசையை மடக்கினார், சுற்றிலும் பார்த்தார், கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கதவு முழுதாகத் திறக்கவில்லை. இன்னும் ஐந்து வீடுகளில் அதேதான் நடந்தது. மடக்கிய பிறகு எங்கே வைப்பீர்கள் என்று 38 கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஈடாக இன்னொரு 400 பேரை இலவசமாகக் கேட்டுத் தருவதாகப் போன வாரம் மின்னஞ்சல் வந்தது. கள ஊழியர் 06 இப்போதும் அங்கே வேலை செய்கிறாரா என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.