சிவப்பு பம்பு, பச்சை பம்பு: வங்கதேசத்தின் ஆர்சனிக் தண்ணீருக்கு எது சரியான வழி?

குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்களே என்றுதான் 1970களில் யுனிசெஃப் உதவியோடு வங்கதேசக் கிராமங்களில் அடிபம்பு போட்டார்கள். அந்த அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993ல்தான் உறுதியானது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பல வருடம் குடித்த பிறகு உள்ளங்கை காய்த்துப்போய்க் காட்டிக்கொடுக்கும்.

அப்போதிருந்து பல வழிகளைப் பார்த்துவிட்டார்கள். அதிகம் பேருக்குப் பயன்பட்டது, செலவே குறைந்த வழிதான்: சோதித்து, பம்புக்குச் சாயம் பூசுவது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பொடிகளைப் போட்டு மூடினால், மூடியில் உள்ள காகிதப் பட்டை மஞ்சளாகும்; ஆர்சனிக் கூடக் கூடப் பழுப்பேறும். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. (உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10தான்.) 1999க்குப் பிறகு சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்ததில் ஏறக்குறைய 14 லட்சம் சிவப்பு. நம் வீட்டில் சிவப்பு, பக்கத்து வீட்டிலேயே பச்சை என்றும் இருக்கும். குடத்தை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் போதும். ஆனால் சாயம் சில வருடத்தில் உதிர்ந்துவிடும். புதிதாகப் போடும் பம்பையோ பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை.

வீட்டு வடிகட்டி? வேதியியலாளர் அபுல் ஹுஸ்ஸாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி 2007ல் பெரிய பரிசு வாங்கியது. இரும்புத்துகள், மணல், கரி எல்லாம் அதில் இருக்கும்; இரும்புதான் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும், நல்ல வேலைதான். ஆனால் அது பிடிப்பதை நிறுத்திவிட்டால் கண்ணுக்குத் தெரியாதே! அந்தப் பொறுப்பை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் தலையிலும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மணல் வடிகட்டி வழியாகக் குளத்துத் தண்ணீருக்கே திரும்பினால் பழைய கிருமிப் பயம் திரும்ப வந்துவிடும். மழைநீரோ கோடைவரை தாங்காது.

மிஞ்சுவது ஆழ்குழாய்க் கிணறு. 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் ஆர்சனிக் குறைவு. என் ஓட்டு இதற்குத்தான். செலவு அதிகம் என்பதால் அரசுதான் போட வேண்டியிருக்கிறது, சிக்கலும் அங்கேதான். அரசியல் செல்வாக்கு உள்ளவர்களின் வீட்டருகே இந்தக் கிணறுகள் போய்ச் சேர்ந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2016ல் பதிவு செய்தது. ஒருவர் வீட்டு மதில் சுவருக்குள் இருக்கும் கிணற்றுக்கு, ஏழைப் பெண் தினமும் இரண்டு வேளை எப்படிப் போவாள்? பள்ளிவாசல் பக்கம், பள்ளிக்கூடத்துப் பக்கம், சந்தை ஓரம் என்று சிவப்புப் பம்புகள் நெருங்கிக் கிடக்கும் இடமாகப் பார்த்துப் போட வேண்டும். அந்த ஆழத்துத் தண்ணீரை வயலுக்கு இறைக்கவும் விடக்கூடாது; இழுக்க இழுக்க மேலே உள்ள ஆர்சனிக் கீழே இறங்கிவிடும்.

ஆழ்குழாய் எல்லா ஊருக்கும் வந்து சேரும்வரை, உதிர்ந்த சாயத்தை மறுபடி பூசியே ஆக வேண்டும். அதற்கு முன் அந்தப் பம்பை மறுபடி சோதிக்கவும் வேண்டும்.