நற்செய்திப் பெருவிழாவா, வீட்டு ஜெபக்கூட்டமா?

எங்கள் சேகரக் கமிட்டியில் (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகக் குழுவில்) கடந்த ஆண்டு இந்தக் கேள்வி எழுந்தது. சேர்ந்திருந்த காணிக்கையில் மூன்று நாள் திறந்தவெளிக் கூட்டம் நடத்துவதா, போதகருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் ஓர் உபதேசியாரை அமர்த்தித் தெருத்தெருவாக வீட்டு ஜெபக்கூட்டம் தொடங்குவதா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன்; இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

பெருவிழாவின் பலம் எல்லோரும் அறிந்தது. வாலிபர் சங்கத்துக்கு உற்சாகம் பிறக்கும். கோயில் படி ஏறத் தயங்குகிறவர்களும் தெருமுனையில் நின்று கேட்பார்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி, இரவு 10 மணிக் கெடு எல்லாம் சமாளிக்கக் கூடியவைதான்.

என் கவலையெல்லாம் நான்காம் நாளைப் பற்றியது. இயேசுவை ஏற்கத் தீர்மானித்தவர்களிடம் கூட்ட முடிவில் பெயரும் முகவரியும் நிரப்பி வாங்கும் தீர்மான அட்டைகளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துச் சபைக்காரர்களின் பெயர்களே இருக்கும். மற்றவற்றில் தெருப் பெயர் இருக்கும், கதவு எண் இருக்காது. அந்த வீட்டைத் தேடிப் போவது யார்? பிரசங்கம் செய்தவர் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பார். நம் போதகர் ஐயருக்கோ கிளைச் சபைகளைச் சுற்றி வரவே நேரம் போதாது. விசாரிக்க ஆளில்லாமல் அட்டைகள் அலமாரியில் கிடக்கும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் விசாரிக்கிறவர் அதே தெருவில் இருக்கிறார். எங்கள் பகுதியில் பெண்கள் பலர் பீடி சுற்றுகிறார்கள். அவர்கள் கடையில் பீடியை ஒப்படைத்து, அடுத்த நாளுக்கான இலையும் தூளும் வாங்கித் திரும்பிய பிறகுதான் ஜெபம். இலையை நனைத்து வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். ஒரு வாரம் ஒருவர் வரவில்லையென்றால் மறுநாள் காலையிலேயே காரணம் தெரிந்துவிடும். அப்படித்தான் ஒருவருடைய கணவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சேர்ந்திருப்பது தெரியவந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். அந்தக் குடும்பம் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. உதவிக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பது நற்செய்தியே அல்ல.

நெல்லைத் திருச்சபை வேரூன்றியதும் இப்படித்தான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ், கிராமங்களில் உபதேசியார்களை அமர்த்தினார், பள்ளிகளைத் திறந்தார். இங்கிருந்து 1909இல் தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதிக்கு மிஷனரியாகப் போன வேதநாயகம் அசரியா, 1912இல் பேராயராகி, 1945இல் மறையும்வரை அந்த மக்களோடுதான் இருந்தார்.

செலவு விஷயத்தில் பெருவிழாவுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும்: அதன் செலவு மூன்று நாளோடு முடிந்துவிடும், உபதேசியார் சம்பளம் மாதாமாதம் வரும். ஓர் ஆண்டு சமாளித்திருக்கிறோம். ஐந்தாண்டு தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த முறை எடுபடுமா என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. எங்கள் கூட்டங்கள் எல்லாம் திண்ணை வைத்த தெருக்களில்தான் நடக்கின்றன.

இரண்டும் வேண்டும் என்கிற சபைகள் முதலில் வீட்டு ஜெபக்கூட்டத்தைத் தொடங்கட்டும். ஒவ்வொரு தெருவுக்கும் போய் விசாரிக்க ஆள் அமைந்த பிறகு பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கலாம்.