கேராபில்ஸ் மால்ட்: பியரின் நுரைக்கும் பாடிக்கும் (வாயில் உணரும் கனம்) காசு கொடுத்து வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம். வீட்டில் பியரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (கடையில் விற்கும் மால்ட் சாறு) வைத்துக் காய்ச்சுபவர் என்றால் கேராபில்ஸ் வாங்குங்கள், பலன் தெரியும். முழுத் தானியத்தில் மேஷ் செய்து (உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுத்து) காய்ச்சுபவர் என்றால் அதே காசுக்குக் கோதுமை மால்ட் வாங்குங்கள்.

இங்கே அமெரிக்காவில் ஹோம்பிரூ கடைக்குப் போய், நுரை ஊற்றிய உடனே அடங்கிவிடுகிறது, குடித்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் கையில் கொடுப்பது பெரும்பாலும் இந்த மால்ட்தான். விஸ்கான்சினில் சில்டன் என்ற ஊரில் இருக்கும் பிரீஸ் கம்பெனி தயாரிப்பது. ஐரோப்பாவில் இதே பெயரில் விற்பது ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வெயர்மான்; அவர்கள் அமெரிக்காவில் அதைக் கேராஃபோம் என்ற பெயரில் விற்கிறார்கள். நான் எழுதுவது பிரீஸ் மால்ட்டைப் பற்றி.

பொருளின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. மணிகள் ஒரே அளவு, தூசி குறைவு, பல்லில் கடித்தால் கண்ணாடித் துண்டு மாதிரி நொறுங்கும். நிறம் 1.5 லோவிபாண்ட் (மால்ட் நிறத்தை அளக்கும் அலகு) அளவுதான், அதனால் வெளிர் லாகர் பியரில் போட்டாலும் நிறம் மாறாது, கேரமல் இனிப்பும் ஏறாது. மணி கெட்டியாக இருப்பதால் அரைக்கும்போது மில்லைக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள், இல்லையென்றால் பாதி மணி உடையாமல் முழுசாகவே விழும்.

சரி, போட்டால் என்ன ஆகிறது? 19 லிட்டர் பேல் ஏல் பியர், அடிப்படை மால்ட் நாலரை கிலோ, மேஷ் 67 டிகிரி செல்சியஸ், ஈஸ்ட் யுஎஸ்-05, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) அளவு, பாட்டிலுக்கான சர்க்கரை எல்லாம் ஒன்றாக வைத்து, ஒன்றில் மட்டும் 225 கிராம் கேராபில்ஸ் சேர்த்துக் காய்ச்சினேன். கடைசி அடர்த்தி (ஈஸ்ட் வேலை முடித்த பின், தண்ணீரை 1.000 என்று வைத்து அளப்பது) சேர்க்காததில் 1.011, சேர்த்ததில் 1.012. எது எது என்று சொல்லாமல் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்தபோது பாடி அதிகமானது எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நுரை இரண்டிலும் இரண்டு விரல் உயரம் எழும்பியது. கேராபில்ஸ் போட்டதில் சற்று அதிக நேரம் நின்றது, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் புரியும்.

இதற்குக் காரணம் மேஷுக்குள் நடக்கும் வேலை. இந்த மால்ட்டில் இருப்பது ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தின் நீளமான துண்டுகள். அதை அடிப்படை மால்ட்டோடு சேர்த்து மேஷில் போட்டால், அந்த மால்ட்டின் என்சைம்கள் மாவுச்சத்தை வெட்டுவது போலவே இந்த டெக்ஸ்ட்ரினிலும் ஒரு பங்கை வெட்டிச் சர்க்கரையாக்கிவிடுகின்றன, அப்புறம் ஈஸ்ட் அதைச் சாப்பிட்டுவிடும். எக்ஸ்ட்ராக்ட் காய்ச்சுபவர்கள் இதைத் துணிப்பையில் கட்டி வெந்நீரில் தனியாக ஊறவைப்பதால் அங்கே வெட்ட என்சைம் இல்லை, டெக்ஸ்ட்ரின் அப்படியே பியருக்குள் வந்து சேரும். எக்ஸ்ட்ராக்டில் மேஷ் வெப்பம் நம் கையில் இல்லை, கம்பெனிக்காரர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அதனால் அவர்களுக்கு இது நல்ல வழி. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பொடியும் இருக்கிறது, 19 லிட்டருக்கு 250 கிராம் போட்டால் அடர்த்தி நாலைந்து புள்ளி (0.004, 0.005) ஏறும், ஆனால் நுரைக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

மேஷ் செய்பவர்களுக்குப் பாடி வேண்டுமென்றால் செலவே இல்லாத வழி வெப்பம்தான். 63, 64 டிகிரியில் பீட்டா அமிலேஸ் என்ற என்சைம் மும்முரமாக வேலை செய்து ஈஸ்ட்டுக்குப் பிடித்த சர்க்கரையாக வெட்டித் தள்ளும், பியர் வறண்டுபோகும். 69க்கு ஏற்றினால் அது சீக்கிரம் அடங்கி ஆல்ஃபா அமிலேஸ் மட்டும் மிஞ்சும், நீளமான துண்டுகள் அதிகம் தங்கும். அதே பேல் ஏலை 69இல் மேஷ் செய்தபோது 1.015இல் நின்றது, முதல் வாயிலேயே வித்தியாசம் தெரிந்தது. கேராபில்ஸ் பையால் முடியாததை வெறும் இரண்டு டிகிரி செய்துவிட்டது.

நுரை தனிக்கதை. பாடியும் நுரையும் ஒரே பொருளால் சரியாகும் என்பது போல விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நுரைக்கு எலும்பு மாதிரி இருப்பது புரதம். பார்லியில் இருக்கும் எல்டிபி1, புரோட்டீன் இசட் என்ற புரதங்கள் இரண்டும் கொதியிலும் அழியாமல் தாங்கி வந்து, ஹாப்ஸைக் கொதிக்கவைப்பதால் கிடைக்கும் ஐசோ ஆல்ஃபா அமிலங்களோடு கைகோத்துக் குமிழியின் சுவரைக் கட்டுகின்றன. அதனால்தான் கசப்பு கூடிய பியரில் நுரை கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. புரதம் கூடுதலாக வேண்டுமென்றால் கோதுமை. கேராபில்ஸுக்குப் பதில் 400 கிராம் கோதுமை மால்ட் போட்ட பியரில் கடைசி மடக்கு வரை மேலே வெள்ளைப் படலம் இருந்தது. விலையும் ஏறக்குறைய அதேதான். இன்றைய மால்ட்டெல்லாம் நன்றாக முளைகட்டி வருவதால் 50 டிகிரியில் புரோட்டீன் ரெஸ்ட் (புரதம் உடைய மேஷைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது) வைக்கத் தேவையே இல்லை. நீளமாக வைத்தால் நுரைக்கான புரதமே சிதைந்துபோகும்.

ஸ்டவுட் (கறுப்புப் பியர்) காய்ச்சுபவர்கள் அவல் பார்லியைப் பாருங்கள், கின்னஸில் போடுவதும் அதுதான். பீட்டா குளுக்கான் என்ற வழவழப்பான நார்ச்சத்து நிறைய, வாயில் வழவழப்பாக உட்காரும். ஆனால் கின்னஸின் அந்தக் கிரீம் நுரையை அவல் பார்லி மட்டும் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதில் பெரும்பங்கு 1959இல் அவர்கள் கொண்டுவந்த, பியரில் நைட்ரஜன் வாயு சேர்க்கும் முறையுடையது. ஓட்ஸும் நல்லது, ஆனால் அதில் எண்ணெய்ச்சத்து இருக்கிறது, அள்ளிப்போட்டால் பாடி கூடி நுரை படுத்துவிடும். தேங்காய் ஸ்டவுட் செய்ய ஆசைப்படுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

எந்த மால்ட் வாங்குவதற்கும் முன்னால் கிளாஸைச் சோதியுங்கள். உள்பக்கம் நனைத்து உப்பைத் தூவினால் சீராக ஒட்ட வேண்டும், திட்டுத்திட்டாக விலகினால் அங்கே பாத்திரம் கழுவும் சோப்போ எண்ணெயோ இருக்கிறது என்று அர்த்தம். சோப்பு மிச்சமிருக்கும் கிளாஸில் எவ்வளவு நல்ல நுரையும் நிமிடத்தில் காலி. முறுக்கு, மிக்சர், வறுத்த கோழி சாப்பிட்டுக்கொண்டே குடித்தாலும் உதட்டு எண்ணெய் அதே வேலையைச் செய்யும், அதற்குப் பியரைக் குறை சொல்ல முடியாது. கார்பனேஷனும் (பியரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு வாயு) முக்கியம்: 19 லிட்டருக்கு 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் போட்டால் ஏறக்குறைய இரண்டரை வால்யூம் (ஒரு லிட்டர் பியருக்கு இரண்டரை லிட்டர் வாயு) கிடைக்கும், அதற்குக் குறைந்தால் நுரை எழும்பவே தெம்பிருக்காது. கெக்கை (பியர் பீப்பாயை) உலுக்கி உலுக்கி வாயு ஏற்றுபவர்கள் அதை நிறுத்துங்கள், ஒருமுறை நுரைத்துக் கெட்டியான புரதம் மறுபடி கிளாஸில் நுரைக்காது.

கேராபில்ஸை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. கோதுமையால் கொஞ்சம் கலங்கல் வரும், கண்ணாடி போலத் தெளிந்த பில்ஸ்னர் வேண்டும் என்பவர்களுக்கு அது பிடிக்காது. அவர்கள் மொத்த மால்ட்டில் ஐந்து சதவீதம் வரை இதைப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். வாங்கும்போது அரைக்காத மணியாக, ஒரு பவுண்டு பையாக வாங்குங்கள். எந்தப் பியருக்கும் கால் கிலோவுக்கு மேல் தேவைப்படாத சரக்கை மூட்டையாக வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை, அரைத்து வாங்கினால் சீக்கிரம் நமுத்தும் போகும்.