ஃப்ரீபிஎஸ்டி: ஒரு மெஷின்ல பில்ட், மத்ததுல எல்லாம் என்எஃப்எஸ் வழியா இன்ஸ்டால் – 5க்கு 4

நாலஞ்சு பழைய மெஷின்ல ஃப்ரீபிஎஸ்டிங்கற யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஸ்டேபிள் பிராஞ்ச் (ரிலீஸுக்கு நடுவுல மாறிக்கிட்டே இருக்கற சோர்ஸ் வெர்ஷன்) ஓட்றவங்க தயவுசெஞ்சு ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பில்ட்வேர்ல்ட் (கெர்னல் தவிர மத்த சிஸ்டத்தை சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ற கமாண்ட்) அடிக்காதீங்க. கோரும் ரேமும் நெறைய இருக்கற ஒரு மெஷின்ல மட்டும் கம்பைல் பண்ணி, யூஎஸ்ஆர்-எஸ்ஆர்சி (சோர்ஸ்), யூஎஸ்ஆர்-ஓபிஜே (கம்பைல் ஆன ஃபைல்) ரெண்டு டைரக்டரியையும் என்எஃப்எஸ்ல, அதாவது நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்ற வசதில, ஷேர் பண்ணி விட்ருங்க, மத்த மெஷின் எல்லாம் அதை மவுண்ட் பண்ணி இன்ஸ்டால்கெர்னல், இன்ஸ்டால்வேர்ல்ட் மட்டும் அடிச்சா போதும். ஃப்ரீபிஎஸ்டியோட அதிகாரப்பூர்வ கையேடான ஹேண்ட்புக்லயே இதுக்குன்னு தனிப் பகுதி இருக்கு.

இது இவ்ளோ சுத்தமா வேலை செய்யக் காரணம், கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி), லிப்சி (அடிப்படை சி லைப்ரரி), ஷெல், கம்பைலர் எல்லாமே ஒரே சோர்ஸ் ட்ரீல இருக்கறதுதான். பில்ட் நேரத்துல பெரும்பங்கை முழுங்கறது எல்எல்விஎம்-க்ளாங்ங்கற அந்தக் கம்பைலர்தான், அந்தப் பாரம் பழைய லேப்டாப் மேல விழாம ஒரே எடத்துல முடிஞ்சிடுதுங்கறதே எனக்குப் பெரிய நிம்மதி. மெஷினுக்கு மெஷின் வேற கெர்னல் வேணும்னாலும் கெர்ன்கான்ஃப்ங்கற செட்டிங்ல எல்லாக் கெர்னல் பேரையும் வரிசையா குடுத்து பில்ட் பண்ணிக்கலாம், இன்ஸ்டால் பண்றப்ப அந்தந்த மெஷின்ல அதோட பேரைக் குடுத்தா சரி.

ஆனா சில விஷயம் கறாரா இருக்கணும். மவுண்ட் பண்ற பாத் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும், ஏன்னா ஓபிஜே குள்ள சோர்ஸோட முழு பாத்தும் சேர்ந்துதான் டைரக்டரி உருவாகுது, வேற எடத்துல மவுண்ட் பண்ணா இன்ஸ்டால் அப்ப ஃபைலே கிடைக்காது. எதைத் திரும்ப கம்பைல் பண்ணணும்னு மேக்ங்கற பில்ட் டூல், ஃபைல்களோட நேரத்தைப் பாத்துதான் முடிவெடுக்கும், அதனால என்டிபி (நெட்வொர்க் வழியா கடிகாரத்தைச் சரி பண்றது) ஓடி எல்லா கடிகாரமும் ஒத்துப் போகணும், இல்லன்னா இன்ஸ்டால் நடுவுல திரும்ப கம்பைல் பண்ணக் கெளம்பிடும். புது ப்ராசஸருக்குன்னு சிபியூடைப் செட்டிங்கை வச்சு பில்ட் பண்ணிட்டு பழைய மெஷின்ல போட்டா இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு விழும், அங்க இருக்கறதுலயே பழைய சிபியூவுக்கு ஏத்த மாதிரி வச்சிருங்க, மேக்.கான்ஃப், எஸ்ஆர்சி.கான்ஃப்ங்கற பில்ட் செட்டிங் ஃபைல் ரெண்டும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓபிஜே பில்ட் மெஷினோட சொந்த எஸ்எஸ்டில இருக்கட்டும், நெட்வொர்க் மேலயே கம்பைல் பண்ணா சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்குல போய்வந்து உயிரை எடுத்துடும்.

ஒரு ஸ்டார் குறைச்சது சிங்கிள் யூசர் மோடுக்காக, அதாவது பழுது பாக்க மட்டும் குறைஞ்சபட்சமா பூட் ஆகற நிலை. இன்ஸ்டால்வேர்ல்டை அங்க போய்தான் பண்ணச் சொல்றாங்க, அங்க நெட்வொர்க் தானா எழுந்திருக்காது, இன்டர்ஃபேஸைக் கையால எழுப்பி அப்புறம் மவுண்ட் பண்ணணும், ஒவ்வொரு மெஷினுக்கும் இதே பாடு. என்எஃப்எஸ் சாதாரணமா என்க்ரிப்ட் ஆகாம போகுது, அதனால வீட்டு லானைத் தாண்டி வெளிய விடாதீங்க, ஃப்ரீபிஎஸ்டி 13ல இருந்து டிஎல்எஸ்ங்கற என்க்ரிப்ஷன் மேல ஓட்ற வசதியும் இருக்கு. முடிஞ்சதும் ஈடிசிஅப்டேட் (செட்டிங் ஃபைல்களைப் புதுப்பிக்கறது), டெலீட்-ஓல்ட் (தேவையில்லாத பழைய ஃபைல்களை நீக்கறது) ரெண்டையும் எல்லா மெஷின்லயும் ஓட்டிருங்க.

ஒரே ஒரு மெஷின், அதுவும் ரிலீஸ் வெர்ஷன் மட்டும்னா இது எதுவும் வேண்டாம், ரெடியா பில்ட் ஆன அப்டேட்டை இறக்கிப் போடற ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கமாண்டே தாராளம்.